ஹகோனே வெந்நீர் ஊற்று ஹோட்டலில் ஒரு ராத்திரி: 71 வயது அத்தையை அழைத்துப் போகலாமா?

புளியரை மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு ஊர் புளியரை. நவம்பரில் ஜப்பானுக்கு குரூப் டூர் போகிறோம். வீட்டுக்காரர், நான், அத்தை. தென்காசி ஆட்கள் பாதி, புனலூர் ஆட்கள் பாதி என்று ஒரு பஸ் நிறையும் கூட்டம். திருவனந்தபுரத்தில் ஏறுகிறோம். டோக்கியோ, ஹகோனே, கியோட்டோ, ஒசாகா என்று திட்டம் கொடுத்திருக்கிறார்கள்.

ஹகோனேயில் ஒரு ராத்திரி வெந்நீர் ஊற்று ஹோட்டலில் தங்கல். அத்தைக்கு இந்த ஓர் இடத்தின் மேல்தான் ஆசை. மூட்டு வலிக்கு அந்தத் தண்ணீர் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "மற்ற இடமெல்லாம் பார்க்காவிட்டாலும் சரி, அந்த வெந்நீரில் ஒருதரம் என்னை உட்கார வை" என்கிறார். ஆனால் அங்கே துணி இல்லாமல், நாலு பேரோடு சேர்ந்துதான் குளிக்க வேண்டும் என்பதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. எனக்கே நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லாம் தெரிந்த முகம். திரும்பி வந்ததும் கல்யாண வீட்டிலும் சந்தையிலும் பார்க்க வேண்டிய ஆட்கள்.

அத்தை சுத்த சைவம், முட்டைகூடச் சேர்க்க மாட்டார். பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கை கொடுக்க வேண்டும். டூர் ஆட்களிடம் கேட்டால் "அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கலாம்மா" என்கிறார்கள். போய் வந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

செங்கோட்டை டீச்சர்:

தங்கச்சி, அத்தையை அவசியம் அழைத்துப் போங்கள். நானும் குரூப் டூரில் போய் ஹகோனேயில் ஒரு பெரிய ஒன்சென், அதாவது வெந்நீர் ஊற்று ஹோட்டலில் தங்கியவள்தான். பெண்களுக்கு வேண்டிய விவரத்தை டூர்க்காரர்கள் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் குளியல் கூடம் தனித்தனி. வாசலில் துணித் திரை தொங்கும். பெரும்பாலும் பெண்கள் பக்கம் சிவப்பு, ஆண்கள் பக்கம் நீலம். பல ஹோட்டல்களில் ராத்திரி பெண்களுக்கு இருந்த கூடத்தை விடிந்ததும் ஆண்களுக்கு மாற்றிவிடுவார்கள். இரண்டு கூடத்தையும் எல்லோரும் அனுபவிக்கட்டும் என்று அப்படி ஒரு வழக்கம். ஆகவே காலையில் போகும்போது நேற்று போன வழியிலேயே போகாமல் திரையைப் பார்த்து நுழையுங்கள். வீட்டுக்காரரிடமும் சொல்லி வையுங்கள்.

உள்ளே முதலில் துணி மாற்றும் அறை. கூடையிலோ லாக்கரிலோ எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட வேண்டும். நீச்சல் உடை, உள்பாவாடை எதுவும் தண்ணீருக்குள் ஆகாது. கையில் ஒரு சின்னத் துவாலை கொண்டு போகலாம். நடக்கும்போது அதை முன்னால் பிடித்துக்கொள்ளலாம், அங்குள்ள பெண்களும் அப்படித்தான் போகிறார்கள். தொட்டியில் இறங்கும்போது மட்டும் துவாலை தண்ணீரில் படக்கூடாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வார்கள்.

தொட்டிக்கு முன்னால் வரிசையாகச் சின்ன முக்காலிகள், ஆளுக்கொரு ஷவர், சோப்பு, ஷாம்பு. உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும். நின்றுகொண்டு குளித்தால் பக்கத்தில் இருப்பவர் மேல் தெறிக்கும். நன்றாகத் தேய்த்து, நுரை துளி இல்லாமல் அலசிய பிறகே வெந்நீரில் இறங்கலாம். அழுக்குப் போகக் குளிப்பது இந்த முக்காலியில். தொட்டி சும்மா உட்காருவதற்கு. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மற்ற ஒழுங்கெல்லாம் தானாகப் புரியும்.

நம் வீட்டுப் பெண்கள் கவனிக்க வேண்டியது வேறு இருக்கிறது. அன்றைக்குத் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்காதீர்கள். முகத்து மஞ்சள், குங்குமம் எல்லாம் தேய்த்துப் போக்கிவிட்டுத்தான் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் மிதக்கும். தாலியைக் கழற்ற வேண்டியதில்லை. கயிற்றில் கோத்திருந்தால் புது மஞ்சள் கயிறாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சாயம் இறங்கும். வெள்ளி மெட்டி, கொலுசு இருந்தால் ரூமிலேயே பத்திரமாக வைத்துவிட்டுப் போங்கள். ஹகோனேயில் சில ஊற்றுகளில் கந்தகம் அதிகம், வெள்ளி கறுத்துப் போகும். தலைமுடியைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள், முடி தண்ணீரில் படக்கூடாது. மாதவிலக்கு நாளாக இருந்தால் பொதுத் தொட்டி வேண்டாம்.

கூச்சம் முதல் ஐந்து நிமிடத்துக்கு இருக்கும். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் குற்றாலத்தில் பெண்கள் பக்கம் அருவிக்கு அடியில் எத்தனை பேர் இடித்துக்கொண்டு நிற்கிறோம், யார் யாரைப் பார்க்கிறோம்? தண்ணீர் விழுகிற வேகத்தில் அவரவர் தலையைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. இங்கேயும் அதே கதைதான். பாட்டி, மகள், பேத்தி என்று குடும்பமாக வந்து கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரும் உங்கள் பக்கம் திரும்ப மாட்டார்கள்.

தெரிந்த முகம் என்பதுதான் உண்மையான சங்கடம் என்றால் அதற்கு நேரம்தான் வழி. குரூப் பஸ் சாயங்காலம் நாலரை, ஐந்து மணிக்கு ஹோட்டலுக்கு வந்து சேரும். ஆறரைக்கோ ஏழுக்கோ சாப்பாடு. நம் ஆட்கள் முதலில் ரூமில் கால் நீட்டுவார்கள், வீட்டுக்கு வீடியோ கால் போடுவார்கள், சாப்பிட்டுவிட்டு எட்டரைக்குக் கூட்டமாகக் கிளம்புவார்கள். நீங்கள் சாவி வாங்கிய கையோடு, சாப்பாட்டுக்கு முன்பே அத்தையோடு போய்விடுங்கள். இல்லையென்றால் விடிகாலை ஆறு மணிக்குப் போங்கள். நான் போன விடிகாலையில் திறந்தவெளித் தொட்டியில் என்னைத் தவிர இரண்டே பேர். எதிரே மலை முழுக்க இலை சிவந்து நின்றது, முகத்தில் குளிர் காற்று, கழுத்துக்குக் கீழே வெந்நீர். நவம்பரில் உங்களுக்கும் அந்தக் காட்சி கிடைக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. சில ஹோட்டல்களில் குடும்பத்துக்கு மட்டும் தனியாகப் பூட்டிக்கொள்ளும் குளியல் அறை வாடகைக்குக் கிடைக்கும். முக்கால் மணி, ஒரு மணி என்று நேரம் குறித்துக் கொடுப்பார்கள். சில இடங்களில் இலவசம், சில இடங்களில் இரண்டாயிரம் மூவாயிரம் யென் ஆகும். அதை வந்து இறங்கியதும் பதிவு செய்ய வேண்டும், சீக்கிரம் தீர்ந்துவிடும். உங்கள் ஹோட்டலில் அப்படி இருக்கிறதா என்று டூர் மேனேஜரிடம் இப்போதே கேளுங்கள். "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். பணம் கட்டியிருக்கிறீர்கள், கேட்க உரிமை உண்டு.

ரூமிலேயே குளியல் தொட்டி இருக்கிறதே, அத்தை அதில் உட்காரட்டும் என்று யாராவது சொல்வார்கள். பெரும்பாலான ஹோட்டல்களில் ரூமில் வருவது சாதாரணக் குழாய்த் தண்ணீர். அங்கெல்லாம் ரூமுக்கு ஊற்றுத் தண்ணீர் வராது. அத்தை ஆசைப்பட்டது அதற்கு அல்லவா?

ஆரியங்காவு சிஸ்டர் (ஓய்வு):

டீச்சர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பிரஷர், சுகர் என்றதால் நான் சேர்க்க வேண்டியது இருக்கிறது. அத்தையின் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இதய நோய் கடுமையாக இருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ இறங்கவே கூடாது.

அந்தத் தொட்டிகளில் தண்ணீர் பொதுவாக 40 முதல் 42 டிகிரி வரை இருக்கும். கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியும், உட்கார்ந்து பார்த்தால் நம் வீட்டுக் குளியல் வெந்நீரைவிடத் தைக்கும். நவம்பர் குளிரில் துணியைக் கழற்றியதும் உடம்பு சில்லிட்டு பிரஷர் ஏறும். உடனே சூட்டில் இறங்கினால் ரத்தக்குழாய் விரிந்து பிரஷர் விழும். வயதானவர்கள் மயங்குவது இதனால்தான். தொட்டியோரம் ஒரு செம்பு மாதிரிப் பாத்திரம் இருக்கும். அதில் மொண்டு முதலில் பாதத்தில், பிறகு முழங்காலில், இடுப்பில், கடைசியில் தோளில் என்று ஊற்றிப் பழக்குங்கள். இறங்கிய பிறகு இடுப்பளவு தண்ணீரில் ஐந்து நிமிடம் போதும். கழுத்து வரை அமிழ வேண்டாம். எழும்போது கைப்பிடியைப் பிடித்து மெதுவாக எழ வேண்டும். தனியாக விடவே கூடாது.

சாப்பிட்ட உடனே வேண்டாம், வெறும் வயிற்றிலும் வேண்டாம். முன்னும் பின்னும் ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கட்டும்.

சுகருக்கு மாத்திரை மட்டும்தானா, ஊசியும் உண்டா? ஊசி என்றால் போட்டவுடன் இறங்கக் கூடாது. சூட்டில் இன்சுலின் வேகமாக உடம்பில் ஏறி சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். பாதத்தில் மரமரப்பு இருந்தால் சூடு தெரியாது, ஆகவே நீங்கள் கையை விட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். காலில் ஆறாத புண் இருந்தால் தொட்டியே வேண்டாம்.

மூட்டு வலி இதில் தீராது அம்மா. சூட்டில் தசை தளர்ந்து கொஞ்ச நேரம் வலி குறையும், நல்ல தூக்கம் வரும். அவ்வளவு சொல்லி அழைத்துப் போங்கள்.

டாக்டர் வேண்டாம் என்றால் கால் மட்டும் நனைக்கும் தொட்டிகள் இருக்கின்றன. சேலையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தபடி காலை விட வேண்டியதுதான். ஹகோனே திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குள்ளேயே ஒன்று உண்டு. உங்கள் திட்டத்தில் அந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

புளியரை மருமகள்:

டீச்சருக்கும் சிஸ்டருக்கும் ரொம்ப நன்றி. ஊசி கிடையாது, மாத்திரைதான். பாதத்தில் கொஞ்சம் மரமரப்பு உண்டு. நல்லவேளை கேட்டீர்கள்.

நேற்று ராத்திரி அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பொம்பளைங்க மட்டும்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டார். எனக்குத்தான் இன்னும் தைரியம் வரவேண்டும்.

ஆனால் புதிதாக ஒன்று. பச்சை குத்தியவர்களை உள்ளே விட மாட்டார்கள் என்று என் தங்கை மகன் சொல்கிறான். அத்தைக்கு இரண்டு முன்கையிலும் பச்சை இருக்கிறது. சின்ன வயதில் குத்தியது, ஒரு கையில் கோலம், இன்னொரு கையில் தேள். இதற்கு என்ன செய்வது? சாப்பாடு பற்றியும் யாரும் சொல்லவில்லையே.

யோகோஹாமா வடகரைக்காரன்:

அக்கா, நான் வடகரை. வேலை காரணமாக யோகோஹாமாவில் இருக்கிறேன். இங்கிருந்து ஹகோனே பக்கம், ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கேதான் அழைத்துப் போவேன்.

பச்சை விஷயம் உண்மைதான். இங்கே உடம்பில் படம் குத்துவதை யகுசா ரவுடிக் கூட்டங்களோடு சேர்த்துப் பார்த்துப் பழகிவிட்டார்கள். 2013-இல் நியூசிலாந்திலிருந்து வந்த ஒரு மாவோரிப் பழங்குடிப் பெண்மணியை, முகத்தில் இருந்த பாரம்பரியப் பச்சைக்காக ஹொக்கைடோவில் ஒரு குளியல் கூடத்தில் உள்ளே விடவில்லை. அது பெரிய செய்தியானது. பிறகு 2015-இல் ஜப்பான் சுற்றுலாத் துறை ஹோட்டல்களிடம் கேட்டபோது, பதில் சொன்னவற்றில் பாதிக்கு மேல் பச்சை இருந்தால் அனுமதிப்பதில்லை என்றே சொல்லின. மூடிக்கொண்டால் விடுவோம் என்று சொன்ன இடங்களும் உண்டு.

பாட்டி கையில் இருக்கும் கோலத்தை யாரும் ரவுடித்தனம் என்று நினைக்கப் போவதில்லை, ஆனாலும் விதி விதிதான். வாசலில் வைத்து ஒரு வயதான அம்மாவிடம் "ஆகாது" என்று சொல்லும்படி விடக் கூடாது. தோல் நிறத்தில் ஒட்டும் பட்டை இங்கே மருந்துக் கடைகளிலும் பெரிய தள்ளுபடிக் கடைகளிலும் கிடைக்கும். டோக்கியோவில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். கோலம் பெரிதாக இருந்தால் பட்டை போதாது, டீச்சர் சொன்ன தனி அறைதான் சரி. எப்படி இருந்தாலும் கையைப் படம் எடுத்து டூர் மேனேஜருக்கு அனுப்பி, ஹோட்டலிடம் எழுத்தில் பதில் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்கு இதைவிட முன்னேற்பாடு வேண்டும். இங்கே சைவம் என்று சொன்னால் கறித்துண்டு இல்லாவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மிசோ (புளிக்க வைத்த சோயா) சூப், காய் வேகவைத்த குழம்பு, நூடுல்ஸ் சாறு, மாவில் தோய்த்துப் பொரித்த டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றுக்கும் அடியில் தாஷி என்ற ஒரு சாறு இருக்கும். பெரும்பாலும் காய்ந்த கட்சுவோ மீனைச் சீவிப் போட்டுக் காய்ச்சுவது. சூரை மீன் இனம், நம் பக்கத்து மாசிக் கருவாடு மாதிரிதான் செய்கிறார்கள். கண்ணுக்கு மீன் தெரியாது. ஆகவே "மீன் தாஷியும் கூடாது, முட்டையும் கூடாது" என்று தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும். கடற்பாசியிலும் காளானிலும் செய்யும் தாஷி உண்டு, இங்குள்ள புத்த மடச் சமையலில் அதுதான். ஒரு வாரம் முன்னால் சொன்னால் பல ஹோட்டல்கள் செய்து தருவார்கள். சாப்பிட உட்கார்ந்த பிறகு சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

வெறும் சோறு எங்கும் கிடைக்கும், நன்றாகவும் இருக்கும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் கொண்டு வாருங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், பச்சை மிளகாய் கொண்டு வராதீர்கள், விமான நிலையத்தில் தாவரச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். இறைச்சி சேர்ந்த எதுவும் கூடாது, கூட்டத்தில் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

ஹகோனேயில் ஓவாகுதானி என்று ஒரு இடத்துக்கு ரோப்வேயில் அழைத்துப் போவார்கள். எரிமலைப் புகை வரும் பள்ளத்தாக்கு. அங்கே ஊற்றில் வெந்த கறுப்பு ஓட்டு முட்டை சாப்பிட்டால் ஏழு வருடம் ஆயுள் கூடும் என்று எல்லோரும் வாங்குவார்கள். அத்தைக்கு அது வேண்டாம் என்பது தெரியும். ஆனால் அந்தக் காற்றில் கந்தக வாடை கடுமை, ஆஸ்துமாவும் இதய நோயும் உள்ளவர்கள் வரவேண்டாம் என்று எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள். வாயு அதிகமானால் ரோப்வேயையே நிறுத்திவிடுவார்கள்.

டீச்சர் சொன்ன தண்ணீர் விஷயத்தில் ஒன்று. இங்கே 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி பூமியிலிருந்து வரும் இடத்தில் 25 டிகிரியாவது இருக்க வேண்டும், அல்லது சட்டம் சொல்லும் 19 பொருள்களில் ஏதாவது ஒன்று போதிய அளவு இருக்க வேண்டும். அப்போதுதான் ஒன்சென் என்று போடலாம். சில இடங்களில் காய்ச்சியும், கலந்தும், சுழற்றியும் விடுகிறார்கள். அந்த விவரத்தைக் குளியல் கூடத்தில் எழுதி மாட்டியிருக்க வேண்டும். கைப்பேசியில் படம் எடுத்து மொழிபெயர்க்கலாம் என்று நினைக்காதீர்கள், அந்த அறையில் கைப்பேசியே எடுக்கக் கூடாது. வரவேற்பில் கேட்டால் சொல்வார்கள்.

செங்கோட்டை டீச்சர்:

தம்பி நல்ல விவரம் தந்திருக்கிறார். எனக்கும் சாப்பாட்டில்தான் அங்கே சங்கடம் வந்தது. டூர்க்காரர்கள் ஹோட்டலுக்குச் சைவம் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். தட்டில் வந்ததை என் பக்கத்தில் இருந்த அம்மா பாதி சாப்பிட்ட பிறகுதான் மீன் சாறு என்று தெரிந்தது. அந்த அம்மா அழுதுவிட்டார். அதற்குப் பிறகு மூன்று நாள் பழமும் ரொட்டியும்தான். உங்கள் அத்தைக்கு அப்படி நேரக் கூடாது. எழுதிக் கொடுங்கள், பதிலும் எழுத்தில் வாங்குங்கள்.

அத்தை தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கை கொடுக்க வேண்டும் என்றீர்களே, அதனால் ரூமைப் பற்றியும் சொல்கிறேன்: பாய் விரித்த அறை என்றால் ராத்திரி தரையில்தான் மெத்தை போடுவார்கள். முழங்காலுக்கு அது ஆகாது. கட்டில் உள்ள ரூம் வேண்டும் என்று இப்போதே கேளுங்கள், பெரிய ஹோட்டல்களில் கட்டாயம் இருக்கும். பாயின் மேல் செருப்பு மட்டுமில்லை, ரூம் ஸ்லிப்பரும் கூடாது. கழிவறைக்குத் தனி ஸ்லிப்பர், அதை அங்கேயே விட்டு வர வேண்டும். கழிவறையில் தண்ணீர் பீய்ச்சும் வசதி இருக்கும், அத்தைக்கு அந்தக் கவலை வேண்டாம்.

யுகாதா என்று பருத்தி அங்கி ரூமில் வைத்திருப்பார்கள். குளிக்கப் போகவும் வரவும் அதைக் கட்டிக்கொள்ளலாம். இடது பக்கம் மேலே வரும்படி மடிக்க வேண்டும். வலது மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை. அத்தைக்கு அங்கி பிடிக்காவிட்டால் சேலையோடு போகட்டும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கழற்றிக் கட்ட நேரம் பிடிக்கும் என்பதால் நைட்டி எடுத்துப் போவது நல்லது.

குளியல் வரி என்று தலைக்கு ஒரு ராத்திரிக்குப் பொதுவாக 150 யென் உண்டு. டூர் பணத்தில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சிலர் அங்கே போய்த் தனியாக வசூலிக்கிறார்கள். ஊழியர்களுக்கு டிப்ஸ் கொடுக்க வேண்டாம், வாங்க மாட்டார்கள்.

உங்கள் தைரியத்துக்கு ஒரு யோசனை. நீங்கள் அத்தையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகப் போகிறீர்கள். பாதம் வழுக்காமல் நடத்துவது, சூடு பார்ப்பது, முக்காலியில் உட்கார வைத்து முதுகு தேய்ப்பது என்று கை நிறைய வேலை இருக்கும். பெரிய முக்காலி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அங்குள்ள முக்காலிகள் ரொம்பத் தாழ்வு. வயதானவர்களுக்கென்று உயரமான நாற்காலி சில இடங்களில் ஓரமாக வைத்திருப்பார்கள். கண்ணில் படாவிட்டால் துணியைக் கழற்றுவதற்கு முன்பே ஹோட்டல் பெண்ணிடம் கேட்டு எடுத்து வைக்கச் சொல்லிவிடுங்கள்.

புளியரை மருமகள்:

டூர் ஆபீசுக்கு இன்று காலையில் நேரில் போனேன். கட்டில் ரூம், மீன் தாஷி இல்லாத சாப்பாடு, தனிக் குளியல் அறை, அத்தையின் கை, உயரமான நாற்காலி ஐந்தையும் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். வெள்ளிக்கிழமைக்குள் ஹோட்டலிடமிருந்து பதில் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டரைப் பார்க்க சனிக்கிழமை தென்காசிக்கு அத்தையை அழைத்துப் போகிறேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன், புனலூரிலிருந்து வருகிற இன்னும் இரண்டு வயதான அம்மாக்களுக்கும் அது தேவைப்படும்.